மலைவாழ் அறிஞர் ஜான் மியூர்

1884-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்க நாட்டின் மேலைக் கோடியிலுள்ள கலிபோர்னியாவில், யோசெமிட்டி என்னும் மலைப் பள்ளத்தாக்கிற்குக் கணவனும் மனைவியுமாகிய இருவர் போய்ச் சேர்ந்தனர். நாற்பத்தாறு அகவை நிரம்பிய அக்கணவர்க்கு அப்பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறையும் பழகிய முகம். மனைவியார்க்கோ அதுவே முதல் வருகை. மூன்று வயதுப் பெண்குழந்தையைத் தம் பெற்றோரிடம் விட்டு வந்த அவ்வம்மையாரின் உள்ளம் பாதி வீட்டிலேயே இருந்தது. மேலே மூவாயிரம் அடி உயரம் செங்குத்தாக நிமிர்ந்த கற்சுவர்கள். இடையிடையே வானத்தினின்று இழிவன போன்ற அருவிகள். கீழே புல்வெளி, ஆறு, தேவதாருவை ஒத்த நெடுமரங்கள். கணவர் ஒவ்வொன்றையும் சுட்டிச் சுட்டி மகிழ்ந்தார். அம்மையாரோ புதர் அசையுந்தோறும் கரடி வருகின்றதோ என்று அஞ்சினார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அக்கணவர்தாம் ஜான் மியூர். இன்று உலகில் பல நாடுகளில் தேசியப் பூங்கா என்ற பெயரால் காடும் மலையும் விலங்கும் பறவையும் சட்டத்தின் காவலில் நிற்கின்றன. மக்கள் குடும்பத்தோடு சென்று ஒரு பகல் முழுவதும் மலைவழியே நடந்து, மானையும் பறவையையும் கண்டு, மாலையில் மீள்கின்றனர். இவ்வழக்கம் வேரூன்றுவதற்கு உழைத்தோருள் முன்வரிசையில் நிற்பவர் மியூர். மலையையும் மலைசார்ந்த இடத்தையும் ஒரு திணையாக வகுத்து, அதற்குரிய பறவை, விலங்கு, மரம், பூ என்பவற்றை எண்ணி வைத்த முன்னோரின் இலக்கணத்தை நாள்தோறும் பயிலும் எம்போன்ற மாணவர்க்கு இவர்தம் வாழ்க்கை அயலதாகத் தோன்றாது என்னும் துணிவினால் இதனை எழுதப் புகுந்தோம்.

மியூர் ஸ்காத்லாந்து நாட்டின் கடற்கரை ஊராகிய டன்பாரில் 1838-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் பிறந்தார். எண்மர் மக்களுள் மூன்றாமவர். தந்தையார் தானியேல் மியூர் சமயப்பற்று மிகுந்தவர். ஆயின் அப்பற்றில் அன்பினும் கண்டிப்பே மிகுந்திருந்தது. மகன் நாள்தோறும் வேதவாக்கியங்களை மனப்பாடம் செய்தல் வேண்டும், தவறினால் அடி. இவ்வாறு புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டில் நாலில் மூன்று பங்கையும் சிறுவர் நெட்டுருச் செய்துவிட்டார். பிரம்புக்கு அஞ்சிக் கற்ற வேதம் உள்ளத்தில் கசப்பாகவே நின்றுவிடுவது இயல்பு. மியூரிடத்திலோ அது வேறு வகையாய் முடிந்தது. பிற்காலத்தில் அவர் மலைகளைப் பற்றி எழுதிய உரைநடையில் சங்கீதங்களின் ஓசையும் தீர்க்கதரிசிகளின் வேகமும் ஒலிக்கக் கேட்கலாம். தந்தையின் பிரம்பை அவர் மறந்தாரல்லர். அதைப்பற்றி முதுமையிலும் மனக்கசப்போடு எழுதினார். ஆயின் பிரம்பையும் வேதத்தையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. இவ்வேறுபாட்டைக் காண வல்லார் சிலரே என்பது எம் எண்ணம்.

1849-ஆம் ஆண்டு தந்தையார் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்து, விஸ்கான்சின் நாட்டில் காடு திருத்திப் பயிர் செய்யத் தொடங்கினார். அப்பொழுது பதினொரு வயதினராயிருந்த மூத்தமகன் மீது உழவின் சுமை முழுதும் வீழ்ந்தது. ஏர் உழுதல், மரம் பிளத்தல், அடிக்கட்டை தோண்டுதல் ஆகிய எல்லாம் அவர் வேலை. இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துரைப்போம். இரண்டாவதாக வாங்கிய நிலத்தில் தண்ணீர் இல்லை. கிணறு தோண்டினர், பத்தடியின் கீழ் மணற்பாறை தட்டிற்று. வெடிமருந்து பயன்படவில்லையாதலால், உளியும் சுத்தியுமாய்க் கொத்தியே இறங்க வேண்டியதாயிற்று. மாதக் கணக்காக, விடியற்காலை முதல் இருட்டும் வரை, மூன்றடி அகலமுள்ள அக்குழியினுள் தனியே குந்தியிருந்து கொத்தினார் அவ்விளைஞர். எண்பதடி ஆழம் சென்றபின் ஒருநாட் காலை அவரை வாளியில் கீழே இறக்கியபொழுது, இரவில் அடியிலே தேங்கியிருந்த நச்சுக்காற்று அவரை மயக்கிற்று. தலை சுழன்று சுவரிற் சாய்ந்தவர், மேலே கிணற்று வாய்க்கு நேரே தோன்றிய ஓக் மரக்கிளை ஒன்றைக் கண்டு சிறிது உணர்வு பெற்று, தம்மை வெளியே எடுக்குமாறு மெல்லக் குரல் கொடுத்தார். தந்தையார் பதறி வாளியில் ஏறச்சொல்லிக் கூவினார். எவ்வாறு ஏறினார் என்பதை அவரே அறியார். மேலே கொணர்ந்தபொழுது உயிர் ஊசலாடிற்று. அண்டை வீட்டாரான ஒரு பழைய சுரங்கத் தொழிலாளர், கிணற்றில் நீரை வாரி இறைத்தும் தழைக்கட்டைக் கயிற்றில் கட்டி ஏற்றியிறக்கியும் காற்றைக் கலக்கும் வகையைக் கற்பித்தார். ஓரிரு நாளில் மகன் மீண்டும் குழியில் இறங்கினார். தொண்ணூறடியில் தண்ணீர் கிடைத்தது. அக்கிணற்றில் தந்தையார் ஒருநாளும் இறங்கி ஒரு கொத்துக் கொத்தியதில்லை என்று மியூர் எழுதிவைத்தார்.

நூல் படிக்க வேண்டும் என்னும் வேட்கை அவரை விடவில்லை. இரவில் உணவு முடிந்தவுடன் எல்லாரும் உறங்கச் செல்ல வேண்டுமென்பது வீட்டுக் கட்டளை. ஒருநாள் தந்தையார், படிக்க விரும்பினால் விடியுமுன் எவ்வளவு விரைவில் வேண்டுமானாலும் எழுந்து கொள்ளலாம் என்று இசைவு தந்தார். மகன் அன்றிரவே ஒரு மணிக்கு எழுந்துவிட்டார்! ஐந்து மணி நேரம் தமக்கே உரியதாகக் கிடைத்த களிப்பில் குளிரும் அவரை வருத்தவில்லை. விறகு செலவாகுமென்று தீ மூட்ட அஞ்சி, நிலவறையிற் புகுந்து மரத்தைச் செதுக்கிப் பொறிகள் இயற்றத் தொடங்கினார். மரத்தாலேயே கடிகாரம் செய்தார். அவற்றுள் சிறந்தது துயில் எழுப்பும் கட்டில். குறித்த மணி அடித்தவுடன் கட்டில் ஒருபுறம் சாய்ந்து, படுத்திருப்பவரை எழுப்பி நிற்கவைத்துவிடும். நம் விடுதியில் காலை மணியோசைக்குப் பின்னும் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நண்பர் சிலர்க்கு இக்கட்டில் ஒவ்வொன்று வாங்கித் தருமாறு விடுதிக் காவலரை வேண்டிக்கொள்ளலாமோ என்று தோன்றுகிறது. (அவருள் யாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை.)

1860-இல் இப்பொறிகளை மாடிசன் நகரத்துக் கண்காட்சியில் வைத்துப் புகழ் பெற்றார். அடுத்த ஆண்டில் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மாணவரானார். மிக எளிய உணவு. விடுமுறையில் வயல் வேலை. அங்கும் ஒரு பொறிமேசை செய்தார். அது குறித்த வேளையில் ஒரு நூலைத் தானே மேலெழுப்பித் திறந்துவைத்து, வேளை முடிந்ததும் அதனை எடுத்துக்கொண்டு அடுத்த நூலைத் தரும். அம்மேசை இன்றும் விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தாரால் பேணப்படுகிறது. ஆயின் அவர் வாழ்வைத் திருப்பியது பொறியன்று, ஒரு பூ. விடுதிக்கு வெளியே நின்ற மரமொன்றின் பூவைக் கொய்து, உடன் பயின்ற மாணவர் ஒருவர் அதனைப் பிரித்துக் காட்டி, நெடிய இம்மரமும் தோட்டத்துப் பட்டாணிக் கொடியும் ஒரே குடும்பத்தன என விளக்கினார். நம் நாட்டு அகத்தியும் அவரையும் உறவினர் என்று முதன்முதல் கேட்பவர்க்கு உண்டாகும் வியப்பை ஒத்ததே அது. கண்ணுக்குத் தெரியாத ஒழுங்கொன்று புல்லையும் மரத்தையும் பிணித்திருக்கிறது என்று கண்ட மியூர், அன்று முதல் செடிகொடிகளைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைந்தார். 1863-இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். ஆசிரியர் ஒருவரின் மனைவியாகிய ஜீன் கார் அம்மையார் மட்டும் அவர்தம் தகுதியை உணர்ந்து, வாழ்நாள் முழுவதும் கடிதம் எழுதி ஊக்கி வந்தார்.

பின்னர்க் கானடாவிலும் இண்டியானாபொலிஸ் நகரத்திலும் ஆலைகளிற் பணிபுரிந்தார். 1867-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், வண்டிச் சக்கரத் தொழிற்சாலை ஒன்றில் தோல்வாரை அவிழ்க்கும்போது, கையிலிருந்த அரம் நழுவி அவருடைய வலக்கண்ணிற் பாய்ந்தது. கண்ணீரும் கண்ணொளியும் ஒருங்கே வடிந்தன. சில மணிக்குள் இடக்கண்ணும் ஒளி இழந்தது. இருபத்தெட்டு வயதில், மலரையன்றி வேறொன்றைக் காண விரும்பாத அவர், வாரக்கணக்காக இருண்ட அறையிற் கிடந்தார். மெல்ல மெல்ல ஒளி திரும்பியது. வலக்கண்ணிலும் பெரும்பகுதி மீண்டது. எழுந்தவுடன் அவர் செய்த முடிவு ஒன்றே: இனி மனிதர் செய்த பொறிகளை விட்டு, கடவுள் படைத்தவற்றைக் கண்ணாரக் காண்பது. அவ்வாண்டு செப்டம்பரில் கெண்டக்கி நாட்டிலிருந்து மெக்சிக்கோ வளைகுடா வரை ஏறக்குறைய ஆயிரம் மைல் நடந்தார். புளோரிடாவில் மலேரியாக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் வீழ்த்திற்று. பிழைத்தெழுந்து, கியூபா வழியே கப்பலேறி, 1868 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ வந்தடைந்தார். நகரில் தங்க விரும்பாது, உடனே மலையை நோக்கி நடந்தார்.

அடுத்த ஆண்டு கோடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆடுகளைச் சியரா நெவாடா மலைத்தொடரின் மேட்டு நிலங்களுக்கு ஓட்டிச்செல்லும் கூட்டத்தோடு சேர்ந்தார். ஆடு மேய்ப்பதற்கென்று மேய்ப்பன் ஒருவன் இருந்தமையால், மேற்பார்வை செய்தலே இவர் பொறுப்பு. எஞ்சிய பொழுதெல்லாம் செடிகளை வரைந்தும் விலங்குகளைப் பார்த்தும் கழித்தார். அந்நாளில் நிகழ்ந்த ஒன்றை எண்ணுந்தோறும் எமக்கு நகை உண்டாகும். கரடிகள் மனிதனைக் கண்டால் ஓடிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தனர். ஒருநாள் காலை, கார்லோ என்னும் நாய் மோப்பம் பிடித்துக் காட்ட, ஒரு மரத்தின் பின்னே மறைந்து பார்த்தார். எதிரே பூக்கள் நிறைந்த புல்வெளியின் நடுவே பெருங்கரடி ஒன்று நின்றது. அது தம்மைக் காணாதிருக்க, நெடுநேரம் அதன் அழகை நுகர்ந்தார். அத்துடன் நில்லாது, கரடி எவ்வாறு ஓடும் என்று பார்க்க ஆவல் கொண்டு, கையை வீசிக் கூவிக்கொண்டு அதன்மேற் பாய்ந்தார். கரடியோ ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி முன்னே நீட்டி, இவரை உறுத்து நோக்கிற்று. ஓடவேண்டியவர் தாமே என்பது இவர்க்கு அப்பொழுதுதான் விளங்கியது! ஆயினும் ஓடாது, அதுபோலவே அசையாது நின்றார். நெடுநேரம் கழித்து, கரடி பெருந்தன்மையோடு திரும்பி, இடையிடையே பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு, மெல்ல நடந்து காட்டினுட் புகுந்தது. அதன்பின் கரடிகளிடம் மரியாதையோடு நடந்துகொள்ளக் கற்றார்.

காட்டுயிர்களைக் காண்பதில் நாம் யாவரும் செய்யும் பிழை இதுவே. சென்ற கோடை விடுமுறையில் யாம் நண்பர் இருவருடன் ஆனைமலைச் சாரலில் ஏறியபொழுது, உச்சிக் கிளையில் இருந்த மலை அணில் ஒன்றை இன்னும் நன்றாகக் காணவேண்டுமென்று கைதட்டிக் கூவினோம். வாலின் நுனியன்றி வேறொன்றும் பின்னர்த் தென்படவில்லை. அன்று மியூரின் நூலை யாம் படித்திருக்கவில்லை.

1869 முதல் சில ஆண்டுகள் யோசெமிட்டியிலேயே தங்கினார். விடுதிக்காரர் ஒருவர்க்கு மரமறுக்கும் ஆலை அமைத்துத் தந்தார். காற்றில் வீழ்ந்த மரங்களை மட்டுமே அறுத்தார். அருவியின் அருகே தாமே கட்டிய குடிலுக்குள் சிறு வாய்க்கால் ஒன்றை ஓடவிட்டு, அதன் ஒலியைக் கேட்டுக்கொண்டே உறங்கினார். இத்தகைய பள்ளத்தாக்கு எவ்வாறு உண்டாயிற்று என்னும் வினா அவர்க்கு எழுந்தது. நாட்டின் நில நூற்புலவராகிய விட்னி என்பவர், பழங்காலத்தில் நிலம் திடீரெனக் கீழே அமிழ்ந்தமையால் உண்டாயிற்று என்று கூறியிருந்தார். மியூரோ, பாறைகளில் உள்ள கீறல்களையும் பளபளப்பையும் கண்டு, இது பனியாறுகள் செதுக்கியது என்றார். பேரறிஞர் விட்னி, இவரை ஆட்டிடையன் என்று எள்ளினார். மியூர் வாதாடிக்கொண்டிராது மலை ஏறினார். 1871-இல் உயரத்தில் இன்னும் உயிரோடிருக்கும் பனியாறு ஒன்றைக் கண்டார். அடுத்த ஆண்டு மற்றொன்றில் கழிகளை நட்டு, நாற்பத்தாறு நாட்களுக்குப் பின் சென்று அளந்தபொழுது, நடுவே நின்ற கழி நாற்பத்தேழு அங்குலம் நகர்ந்திருந்தது. எல்லாவற்றையும் பனியாறே செய்தது என்ற அவர் கூற்றில் மிகையுண்டு. ஆற்று நீரின் அரிப்பிற்கும் பங்குண்டு எனப் பின்வந்த ஆராய்ச்சியாளர் திருத்தினர். ஆயினும் விட்னியின் கொள்கை வீழ்ந்தது. இடையன் கொள்கை நின்றது.

பறவைகளுள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது, மலை ஆறுகளில் வாழும் சாம்பல் நிறச் சிறு குருவி ஒன்று. நம் மைனாவினும் சிறியது; வாலும் குறுகியது. மீன்கொத்தி மேலிருந்து பாய்ந்து இரையைக் கவ்வும். இக்குருவியோ வெண்ணுரை பொங்கும் நீரோட்டத்தினுள் நேரே இறங்கி, ஆற்றின் அடியில் கற்களிடையே நடந்து, பூச்சிகளைத் தின்று வெளிவரும். அருவியின் சாரல் ஓயாது நனைக்கும் பாறை இடுக்கில், பாசியால் உருண்டையாகக் கூடு கட்டும். அச்சாரலினால் கூட்டின் பாசி பசுமை வாடாது வளரும். மழைக்காலமும் பனிக்காலமும் பிற பறவைகளின் வாயை அடைத்துவிடும். இது மட்டும் பனி பெய்யும்பொழுதும் பாடும். பத்தாண்டுக் காலம் இதனை உற்றுநோக்கி அவர் எழுதிய கட்டுரை, ஆங்கிலத்தில் பறவைகளைப் பற்றி எழுந்தவற்றுள் தலைசிறந்ததொன்று எனக் கற்றோர் மதிப்பர்.

1880 ஏப்பிரல் 14-ஆம் நாள், தம் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னர், மார்ட்டினெஸ் என்னும் ஊரில் லூயி ஸ்டிரென்ட்செல் என்னும் நங்கையை மியூர் மணந்தார். இருவரையும் அறிமுகம் செய்து வைத்தவர் முன்னே கூறிய ஜீன் கார் அம்மையாரே. லூயி, போலந்து நாட்டிலிருந்து வந்து பழத்தோட்டம் வளர்த்த மருத்துவர் ஒருவரின் மகளார், பியானோ வாசிப்பதில் வல்லவர், தாவரங்களில் ஈடுபாடுடையவர், கூட்டத்தை விரும்பாதவர். மணமான அவ்வாண்டு கோடையிலேயே மியூர் அலாஸ்காவிற்குப் புறப்பட்டுவிட்டார்! அங்கே கிறிஸ்தவ ஊழியராகிய யங் என்பவரின் சிறு நாயுடன் புயலிடையே பனியாற்று வெடிப்பைக் கடந்த கதை, ஸ்டிக்கீன் என்னும் பெயரால் தனிநூலாக வந்துள்ளது. நண்பர்கள் அதனை நூலகத்தில் தேடிப் படித்துக்கொள்ளட்டும்.

மீண்டு வந்தபின் மாமனாரின் தோட்டத்தை ஏற்று நடத்தினார். திராட்சையும் பேரியும் பயிரிட்டு, பேரம் பேசி விற்று, ஏழாண்டு எட்டாண்டுக்குள் குடும்பம் நெடுங்காலம் கவலையின்றி வாழப் போதிய பொருளீட்டினார். மலையில் மூட்டை நிறைய ரொட்டியும் தேயிலையுமாய் அலைந்தவர் வணிகத்திலும் வெற்றி பெற்றது வியப்பே. ஆயின் எழுத்து நின்றது. உடல் மெலிந்தது, இருமல் பற்றிற்று.

இந்நிலையில்தான் தொடக்கத்தில் கூறிய 1884-ஆம் ஆண்டுப் பயணம் நிகழ்ந்தது. மனைவி தம் மலையை ஒருமுறையேனும் காணவேண்டும் என்பது மியூரின் ஆசை. அவருடைய உலகம் அது. அதனை அறியாதவர் அவரை முற்றும் அறிந்தவராகார். அம்மையாரும் கணவர் பொருட்டே இசைந்தார். யோசெமிட்டி அருவி மூன்று படியாக 2,425 அடி வீழ்வது. அதனடியில் நிற்பவர்க்கு நிலம் நடுங்குவது போலத் தோன்றும். அதனைக் கண்டு கணவர் களித்தார். மனைவியார் கண்டது வேறு. அவர் தம் பெற்றோர்க்கு எழுதிய கடிதத்தில் அருவியின் புகழ் மிகுதியாக இல்லை. கணவர் வெளிறி இளைத்துக் களைத்திருக்கிறார் என்றும், அவர் நலம்பெற்று வலிமை அடையும் வரை மலையை விட்டு வருதல் கூடாது என்றும் கவலையோடு எழுதினார். கரடிக்கு அஞ்சியவர், ஏற்றத்தில் நடக்க இயலாதவர், குழந்தையை நினைந்து ஏங்கியவர், கணவர் அங்கேயே இருக்கட்டும் என்கிறார்! மலைவழி நடப்பதில் இவ்விணை பொருந்தவில்லை என்பது மெய்யே. அதன்பின் லூயி அம்மையார் அவருடன் மலைக்குச் செல்லவில்லை. ஆயின் அப்பயணத்தில் மியூர் பறவையையும் பாறையையும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மையார் மியூரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருள் நுட்பமாகக் கண்டவர் யார் என்று வினவினால் யாம் அம்மையார் பெயரையே சொல்லுவோம்.

அவர் கண்டது பயனின்றிப் போகவில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மியூர் வாஷிங்டன் பகுதியில் ரெய்னியர் என்னும் உயர்மலையில் ஏறச் சென்றிருந்தபொழுது, அம்மையார் அவர்க்கொரு கடிதம் விடுத்தார். ஓர் உயர்ந்த உயிரையும் அதன் பணியையும் பலியாகக் கேட்கும் தோட்டம் நமக்கு வேண்டா. அதனை எட்டாத தொலைவில் எறிந்துவிடுவதே தக்கது. யோசெமிட்டி நூலும் அலாஸ்கா நூலும் எழுதப்படல் வேண்டும். அதற்கு நீங்கள் பழைய நீங்களாக மீளல் வேண்டும் என்னும் கருத்தமைய எழுதினார். தம் தந்தை உருவாக்கிய தோட்டத்தை, அத்தந்தை உயிரோடிருக்கும் போதே, இவ்வாறு எழுதத் துணிந்த பெண்மணியை என்னென்பது! 1890-இல் அவர் தந்தையார் மறைந்தபின், நிலத்தின் ஒருபகுதி விற்கப்பட்டது. எஞ்சியதன் மேற்பார்வை மியூரின் உறவினர் கைக்குச் சென்றது. மியூர் விடுதலை பெற்றார். அவர் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோர் இக்கடிதத்தைச் சொல்லாது விடுவது எமக்கு உடன்பாடன்று.

1889-இல் இதழாசிரியராகிய ஜான்சன் என்பார் மியூருடன் சியராவின் உயர்ந்த புல்வெளிகளிற் கூடாரமடித்துத் தங்கினார். கட்டுரைகளிற் படித்த மலர்க்கூட்டம் எங்கே என்று அவர் வினவ, ஆட்டு மந்தைகள் எல்லாவற்றையும் வேரோடு மேய்ந்துவிட்டன என்று மியூர் வருந்திக் கூறினார். ஒரு காலத்தில் அம்மந்தைகளை ஓட்டிச் சென்றவரும் அவரே என்பதை நினைவிற்கொள்க. பள்ளத்தாக்கும் ஒரு பெருமரச் சோலையும் 1864 முதல் கலிபோர்னியா அரசின் பாதுகாப்பில் இருந்தன. சுற்றியுள்ள காடும் ஆற்றுத் தலைகளும் காவலின்றிக் கிடந்தன. ஜான்சன் தூண்ட, மியூர் 1890-இல் இரு கட்டுரைகள் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் யோசெமிட்டித் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறிற்று. 1892 மே 28-ஆம் நாள் சியராக் கழகம் தோன்றியது. இறக்கும்வரை அதன் தலைவர் மியூரே.

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. அப்பள்ளத்தாக்கு மனிதரற்ற தூய காடாக இருந்ததில்லை. அவானீச்சி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். 1851-இல் படைக்கலம் ஏந்திய வெள்ளையர் அவர்களைத் துரத்தினர். மியூர் தம் இளமை எழுத்துக்களில் அம்மக்களையும் கறுப்பினத்தாரையும் இழிவுபடப் பேசியுள்ளார். அவர் நிறுவிய கழகமே 2020-ஆம் ஆண்டு இதனை ஒப்புக்கொண்டு வருந்தியது. அலாஸ்காவில் திலிங்கித் மக்களோடு ஓடத்திற் சென்று பழகிய பின்னர் அவர் நோக்கு மாறியது உண்மை. ஆயினும் குருவியின் கூட்டைப் பத்தாண்டு உற்றுநோக்கிய கண், வீடிழந்த மனிதனை ஏன் தொடக்கத்திலேயே அவ்வாறு நோக்கவில்லை என்னும் வினா எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

1903 மே திங்களில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்து, மியூருடன் மூன்று இரவுகள் வெட்டவெளியில் உறங்கினார். இரண்டாம் இரவு பனி பெய்து இருவர் போர்வையையும் மூடியது. ரூஸ்வெல்ட் அதனையே பெருவிருந்தாகக் கருதினார். அவரிடம் மியூர் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. பள்ளத்தாக்கும் பூங்காவோடு சேரவேண்டும் என்றார். 1906-இல் அது சேர்ந்தது. அப்பயணத்தின் பின் உலகைச் சுற்றிவந்த மியூர், நம் நாட்டிற்கும் வந்து இமயமலைச் சாரலில் தேவதாருக் காடுகளைக் கண்டு சென்றார்.

1905-இல் இளைய மகள் ஹெலனின் நுரையீரல் நோய் கருதி அரிசோனாவின் வறண்ட காற்றில் தங்கியிருந்தபொழுது, லூயி அம்மையார் நோயுற்றார் என்னும் தந்தி வந்தது. ஓடோடி வந்தார். நுரையீரலில் புற்றுக்கட்டி, மருந்தில்லை. ஆகஸ்டு 6-ஆம் நாள் அம்மையார் உயிர்நீத்தார். எழுதுக என்று தோட்டத்தை விடச்சொன்னவர் போனபின், மியூரின் எழுதுகோல் நெடுநாள் அசையவில்லை. அரிசோனாவிற்கு மீண்டு, கல்லாகிவிட்ட பழங்கால மரங்களிடையே தனியே திரிந்தார். அக்கல்மரக் காட்டையும் 1906 டிசம்பரில் ரூஸ்வெல்ட் அரசின் காவலில் வைத்தார்.

இறுதிப் போரில் அவர் தோற்றார். யோசெமிட்டிப் பூங்காவினுள்ளேயே ஹெச் ஹெச்சி என்னும் மற்றோர் அழகிய பள்ளத்தாக்கு உண்டு. அதனை அணையால் அடைத்துச் சான் பிரான்சிஸ்கோவிற்குத் தண்ணீர் கொணர வேண்டுமென நகரத்தார் முயன்றனர். 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்தபின் அவர்கள் குரல் வலுத்தது. குடிநீர் வேண்டாமென்று யாரும் சொல்லவியலாது; வேறிடத்திலிருந்து எடுக்கலாம் என்பதே மியூரின் வழக்கு. பல்லாண்டு போராடியும், 1913 டிசம்பர் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் அணைச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1923-இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது.

அதனைக் காண மியூர் இல்லை. 1914-ஆம் ஆண்டு மகளைக் காணச் சென்றவிடத்தில் சளிக்காய்ச்சல் கண்டு, டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்துமசுக்கு முந்திய நாள், லாஸ் ஏஞ்செல்ஸ் மருத்துவமனை ஒன்றில் உயிர்துறந்தார். லூயி அம்மையார் எழுதச் சொன்ன அலாஸ்கா நூலின் கையெழுத்துத் தாள்கள் அப்பொழுது படுக்கையில் அவர் அருகே கிடந்தன. நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மார்ட்டினெஸில், அம்மையார் வேண்டாவெனச் சொன்ன அப்பழத்தோட்டத்திலேயே, ஓடைக்கருகில், அவர் கல்லறையின் பக்கத்தில் மியூரையும் அடக்கம் செய்தனர்.